பீமராவ் வீட்டு சர்க்கஸ்காரி

ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் போய் பீமராவ் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். டெலிபோன் ராவ் என்றால் ஓரிருவர் யோசிப்பார்கள். கேம்ஸ் மாமா என்றால்தான் சட்டென்று கையை நீட்டி வழி காட்டுவார்கள். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டிய மனுஷருக்குக் கடைசியில் நிலைத்த பேர் இதுதான். அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார்.

கேம்ஸ் என்றால் சீட்டோ கேரமோ இல்லை. பின்பால் மிஷின். சாய்வாக நிற்கும் ஒரு நீள மேஜை, மேலே கண்ணாடி மூடி, உள்ளே ஒரே ஒரு எஃகுக் குண்டு. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் குண்டு உச்சிக்கு ஓடி, உருண்டு இறங்கும் வழியில் அங்கங்கே முட்டும். முட்டினால் மணி அடிக்கும், புள்ளி ஏறும். கீழே ஓட்டைக்குள் விழாமல் இரண்டு பக்கத்துப் பட்டனையும் அமுக்கி, உள்ளே இருக்கும் இரண்டு கட்டைகளால் அதைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மேஜையின் தலைமாட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். அதன் முகப்பில் படம் போட்ட கண்ணாடி. பின்னால் பல்பு எரிந்தால் படம் பளபளவென்று வரும்.

பீமராவின் மிஷினில் இருந்த படம் ஒரு சர்க்கஸ்காரி. சிவப்பு உடுப்போடு ஊஞ்சலில் தொங்கிக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கிச் சிரிப்பாள். கீழே இரண்டு சிங்கங்கள் கொட்டாவி விடும். அமெரிக்காவில் அறுபதுகளில் செய்த சாமான் அது. அது அவருக்குக் கிடைத்த இடம் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டி.

தொண்ணூற்று நாலில் அவருடைய எக்ஸ்சேஞ்சைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அதுவரை அங்கே ஒரு ஹால் நிறைய, கரெண்ட் பாய்ந்தால் டக்கென்று அடித்துக்கொள்ளும் ரிலேக்களும் சுற்றி ஏறும் சுவிட்சுகளும் ராத்திரி பகலாகக் கடகடத்துக்கொண்டிருந்தன. அத்தனையும் ஒரே வாரத்தில் லாரி ஏறி எடைக்குப் போயின. அந்த வாரம்தான் போன் ரிப்பேர் என்று அந்த மண்டிக்குப் போனவர், மூட்டைகளுக்கு அடியில் நாலு வெள்ளிக் கால்கள் தெரிவதைப் பார்த்தார். வையம்பட்டிக்காரர் ஒருத்தர் பொருட்காட்சியில் வைத்திருந்துவிட்டு, தொழில் சரிப்படாமல் அங்கே தள்ளிவிட்டுப் போயிருந்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க சார், எடம் காலியானா சரி" என்றார் மண்டிக்காரர். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சாக்கு வெங்காயத் தோலும் ஒரு எலிக் குடும்பமும். அதற்கும் கீழே, பீமராவுக்குத் தன் உள்ளங்கை மாதிரி தெரிந்த அதே ரிலேக்கள், அதே சுற்றும் சுவிட்சுகள். அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். மனைவி ஹம்ஸாவிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

ட்ரைசைக்கிளில் ஏற்றிக் காவிரிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது ஓட இரண்டு வருஷம் ஆயிற்று. அமெரிக்க வோல்டேஜுக்காகப் பாலக்கரையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினார். ரப்பர் வளையத்துக்குச் சைக்கிள் ட்யூபை நறுக்கினார். பித்து பிடித்துவிட்டது. கிளப், பள்ளிக்கூடம், மூடிப்போன ஹோட்டல் என்று தேடிப்போய் இன்னும் நாலு மிஷின்களைக் கொண்டுவந்தார். கூடத்தில் மனிதர் படுக்க இடமில்லை. மகள் ஜாஹ்னவி எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஒரு பின்பால் மேஜைக்கு அடியில் பாய் விரித்துத்தான் படித்தாள்.

ஹம்ஸா எதற்கும் முணுமுணுத்ததில்லை. வீட்டில் பேசுவது தஞ்சாவூர் மராத்தி என்று பேர், மூன்று வாக்கியம் தாண்டினால் தமிழுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தமிழிலும் பீமராவ் அவளிடம் மிஷினைப் பற்றிப் பேசியது குறைவு. முதன்முதலாக அது ஓடிய அன்றைக்கு ஆசையாக ஒரு ஆட்டம் ஆடினாள். குண்டு ஓட்டைப் பக்கம் போனதும் பதறி மேஜையை உலுக்கிவிட்டாள். "தொடாதே, விடு" என்று ஒரு அதட்டல் போட்டார். அதற்கப்புறம் அவள் அதன் கிட்டே போனது ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும். அதுவும் அவர் பக்கத்தில் நின்று, இந்தக் காலில் ஒரு பொட்டு, அந்தக் காலில் ஒரு பொட்டு என்று இடம் காட்டுவார், அவள் சந்தனம் குங்குமம் வைப்பாள்.

இருபது வருஷம் இந்த மிஷின்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு காற்று அடித்தது. பெங்களூரிலும் கொச்சியிலும் காப்பிக் கடைகளுக்குப் பழைய சாமான்கள் மேல் மோகம் வந்தது. தில்லை நகரில் பழைய ஃபர்னிச்சர் வியாபாரம் பார்க்கும் சிவசங்கர் வந்து நின்றான். பீமராவ் நம்பி இரண்டைக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துக் குருவாயூர் போனவர், அப்படியே கொச்சிக்கும் போய்ப் பார்த்தார். மிஷினின் குடலை உருவிப் போட்டுவிட்டு, அதில் தண்ணீர் ஊற்றி மீன் விட்டிருந்தார்கள். பெங்களூருக்குப் போனது பீர் பாட்டில் வைக்கும் மேஜையாகியிருந்தது. அதன் பிறகு யார் கேட்டாலும் அடித்துச் சொல்லிவிட்டார், விற்பனைக்கு இல்லை என்று. உதிரி பாகம் கிடைக்காத கஷ்டத்தில் மீதி மூன்றில் இரண்டைப் பிரித்து சர்க்கஸ்காரிக்கே போட்டார். அவள் ஒருத்தி மிஞ்சினாள்.

இந்த வருஷம் அவளுக்கும் கேடு வந்தது. வீட்டுக்காரர் இடத்தை பில்டருக்குக் கொடுத்துவிட்டார், தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். ஹம்ஸாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஓசூரில் மகளோடு இருப்பது என்று முடிவாயிற்று.

"அப்பா, அந்த மிஷின் இங்க லிஃப்ட்ல ஏறாது. ஏறினாலும் வைக்க எடம் இல்ல" என்று ஜாஹ்னவி போனில் சொல்லிவிட்டாள்.

சிவசங்கரைக் கேட்டார். "இப்பல்லாம் ஸ்கிரீன்தான் சார். ஒரே டேபிள்ல முந்நூறு கேம் ஆடலாம். பழசுன்னா படக் கண்ணாடிய மட்டும் கேக்கறாங்க, செவுத்துல மாட்ட" என்றான்.

பீமராவ் ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். காசு கூட இல்லை. அந்த மிஷின் முழுசாகப் போக வேண்டும். போகிற இடத்தில் யாராவது நின்று ஆட வேண்டும். மீன் தொட்டியாக, மேஜையாக, சுவரில் மாட்டுகிற படமாக அது ஆகக்கூடாது. இதைத் தவிர இந்த அறுபத்து நாலு வயதில் ரங்கநாதரிடம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் அல்ஷிஃபா கிடைத்தாள். சென்னையில் விளையாட்டுக் கூடம் நடத்துகிறவள், முப்பத்து நாலு முப்பத்தைந்து வயது. ஜாஹ்னவி எங்கோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள். பீமராவ் அரை மணி நேரம் ரிலேயைப் பற்றிப் பேசினார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜனங்கள் ஆடுவாளா, இல்ல செவுத்துல மாட்டுவாளாம்மா?"

"ஆடத்தான் சார். எங்கிட்ட பதினொரு மிஷின் இருக்கு, பதினொண்ணும் தினம் ஓடுது. சனி ஞாயிறு லைன்ல நிப்பாங்க. அந்தப் படக் கிளாஸ் மட்டும் வீடியோல பாத்த மாதிரியே இருந்தா போதும் சார். அது வேற எங்கயும் கிடைக்காது."

விஜயதசமிக்கு மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொன்னாள். பீமராவ் அன்றைக்கு இரண்டு தம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஹம்ஸாவிடம், "லைன்ல நிப்பாளாம்" என்று மூன்று தடவை சொன்னார்.

பத்து நாள் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு ரிலேயையும் திறந்து, காண்டாக்ட் முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்து, ஊதி, மூடினார். புள்ளியைக் காட்டும் எண் உருளைகள் ஒவ்வொன்றும் ஒரு சொடுக்கில் திரும்புகிறதா என்று நூறு தடவை பார்த்தார். சென்னையில் ரிப்பேர் பார்க்கப் போகிறவனுக்காக ஒயர் ஒயராகப் பேர் எழுதிச் சீட்டுக் கட்டினார். எக்ஸ்சேஞ்சில்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று காலை முகப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தனியாகத்தான் பொதிய வேண்டும். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. படம் வரைந்திருப்பது கண்ணாடியின் பின்பக்கத்தில். வர்ணத்துக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அறுபது வருஷம் பல்புச் சூட்டில் வெந்த வர்ணம், சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், ஈரம் ஆகவே ஆகாது. முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம். பின்பக்கம் மூச்சுக்கூடப் படக்கூடாது. பீமராவுக்கு இது அட்சரம் மாதிரி மனப்பாடம். அதனால்தான் கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு, பின்பக்கம் மேலே இருக்கும்படி கண்ணாடியைப் படுக்க வைத்தார். வைத்துவிட்டு, பொதிவதற்குத் தெர்மோகோல் வாங்க சிங்காரத்தோப்புக்குக் கிளம்பினார். வீட்டில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது வருஷமாகத்தான் சொல்லவில்லையே.

பூஜை நாளில் அந்தப் பக்கம் பாதிக் கடை மூடியிருந்தது. தேடிப் பிடித்துத் திரும்பப் பதினொரு மணி ஆயிற்று.

ஹம்ஸா அதற்குள் அரிவாள்மணை, தையல் மிஷின், அவருடைய டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்காதவள் தரையில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு என்னவோ போலிருந்தது. மடியில் ஈரத்துணி. துணியில் சாம்பலும் சிவப்புமாகத் துகள்.

"ஊருக்குப் போறதேன்னு தொடச்சேன்" என்றாள். "பின்னாடி ஒரே அழுக்கா இருந்தது. சாம்பல் சாம்பலா வந்துண்டே இருந்தது. முப்பது வருஷத்து அழுக்காச்சேன்னு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொடச்சேன். அப்புறம் போர்வை தெரிஞ்சது. அப்பத்தான் பயந்து விட்டுட்டேன்."

பீமராவ் குனிந்து பார்த்தார். நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், அழகாக வைத்திருந்தாள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் கண்ணாடி. சர்க்கஸ்காரியின் முகம் இல்லை, தூக்கிய கை இல்லை. சிங்கங்களும் ஊஞ்சலின் கயிறும் பத்திரமாக இருந்தன.

தெர்மோகோலை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, கை கால் அலம்பிக்கொண்டு வந்து, பூஜைக்கு உட்கார்ந்தார். பொரியும் சுண்டலும் நைவேத்தியம் ஆயிற்று. அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் பேச்சே இல்லை. அவர் மனசுக்குள் அவளை என்னென்ன திட்டினார் என்பதை அவர்தான் அறிவார். கூடவே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தன்னையும் திட்டிக்கொண்டார். ஆனால் அது கொஞ்சம் மெதுவான குரலில்தான்.

அல்ஷிஃபாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. மிஷின் ஓடுகிற அழகைப் பார்த்தால் கண்ணாடியைப் பெரிதாக நினைக்கமாட்டாள் என்று ஒரு நப்பாசை. கண்ணாடியைத் திரும்ப மாட்டி விளக்கைப் போட்டார். முகம் இருந்த இடத்தில் இரண்டு பல்புகள் அம்மணமாகக் கண்ணைக் குத்தின.

சொன்ன நாளில், பத்து மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். சின்ன வேன், கூட இரண்டு ஆட்கள். ஹம்ஸா வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே, "நான் வத்ஸலா மாமி ஆத்துல இருக்கேன்" என்று கொல்லைப்பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்கக் கூச்சம்.

அல்ஷிஃபா கண்ணாடியைப் பார்த்தாள். "என்ன சார் இது" என்றாள் மெதுவாக.

"பூஜைக்குத் தொடச்சதுல போயிடுத்தும்மா. ஆனா மிஷின் கச்சிதமா இருக்கு. ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கோ."

அவள் ஆடினாள். குண்டு ஓடியது, மணிகள் அடித்தன, எண் உருளைகள் டக் டக்கென்று திரும்பின. ஒரு குறையும் இல்லை. அத்தனை வருஷத்தில் அது அவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை.

"சூப்பரா இருக்கு சார்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். "ஆனா நான் கிளாஸுக்காகத்தான் வந்தேன்."

"கண்ணாடிய வச்சுண்டா ஜனங்கள் ஆடப் போறா? உள்ள இருக்கறதுதானே மிஷின்?"

அல்ஷிஃபா தயங்கினாள். பிறகு, மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது என்று நினைத்தவள் போலப் போனை எடுத்து அவளுடைய கூடத்தைக் காட்டினாள். பதினொரு மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பழைய படக் கண்ணாடி ஜொலித்தது. எண் உருளைகள் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்கிரீன். மணிக்குப் பதில் ஸ்பீக்கர். பிள்ளைகள் கார்டைத் தட்டிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிசையிலும் நின்றார்கள், அவள் சொன்னது பொய்யில்லை.

"உள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர் போர்டு வச்சிடுவோம் சார். ரிலேன்னா வாரத்துக்கு ஒருநாள் நிக்கும். பாக்க ஆள் கிடையாது. நீங்களும் வாரா வாரம் மெட்ராஸ் வர முடியாதில்ல?"

"எடுத்ததெல்லாம்?"

"எடைக்குப் போயிடும் சார். வச்சுக்க எடம் இல்ல."

பீமராவ் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். திறந்து வைத்திருந்த பின்பக்கத்தில், ஒயர்களில் அவர் கட்டிய பேர்ச்சீட்டுகள் வரிசையாகத் தொங்கின. அல்ஷிஃபா அதையும் பார்த்தாள். அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. அவள் கெட்டவள் இல்லை. தன் கடை ஓட என்ன வேண்டுமோ அதைச் செய்கிறவள்.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்" என்றாள்.

"நான் கேக்கலையேம்மா" என்றார் பீமராவ்.

காப்பி கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன் சார்" என்று கும்பிட்டாள். வேன் காலியாகத் திரும்பியது.

சத்தம் அடங்கியதும் ஹம்ஸா கொல்லை வழியாக வந்து சமையல்கட்டில் நின்றாள். பீமராவ் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனார்.

"வேண்டாம்னுட்டாளா?"

"ம்."

"கண்ணாடி போனதாலதானே? அது நன்னா இருந்திருந்தா எடுத்துண்டு போயிருப்பா, இல்லையா? ஜனங்கள் ஆடியிருப்பா."

கண்ணாடியைப் பற்றி இரண்டு நாள் கழித்து அவள் பேசுகிற முதல் பேச்சு அது. கண் சிவந்திருந்தது. அடுத்த வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும்.

இல்லை என்று சொல்ல அரை நிமிஷம் போதும். கண்ணாடி முழுசாக இருந்திருந்தாலும் உள்ளே இருந்ததையெல்லாம் எடைக்குத்தான் போட்டிருப்பாள், நீ ஒன்றும் கெடுத்துவிடவில்லை என்று சொன்னால் அவள் முகம் தெளிந்துவிடும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், முப்பது வருஷம் தான் தேய்த்ததும் கட்டியதும் யாருக்குமே வேண்டாத வேலை என்பதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். நல்ல சாமான், ஒருத்தி கை பட்டுக் கெட்டுப்போயிற்று என்றால் தாங்கிக்கொள்ளலாம். இதைத் தாங்க முடியாது. தவிர, அவள் கேட்டதில் பொய்யும் இல்லை, கண்ணாடி போனதால்தான் அந்தப் பெண் எடுத்துக்கொள்ளவில்லை. இப்படியெல்லாம் அவர் மனசு வக்கீல் வேலை பார்த்தது.

"ஆமா" என்றார்.

ஹம்ஸா தலையை ஆட்டினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறு வாரம் பீமராவே மிஷினைப் பிரித்தார். மூன்று நாள் வேலை. ரிலேக்கள் ஒரு சாக்கு, காயில்கள் ஒரு சாக்கு. சிவசங்கர் ஆள் அனுப்பி மரப்பெட்டியை எடுத்துக்கொண்டான். சாக்குகள் பழைய இரும்புக்குப் போயின. எடை போடும்போது அவர் கடைக்குள் போகவில்லை, எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் வத்ஸலா மாமி சொல்லிக்கொள்ள வந்தாள். கூடத்தில் பீமராவ் பாத்திரப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் நிறம் மாறி இருந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்டாள்.

"எல்லாம் என்னாலதான் மாமி" என்றாள் ஹம்ஸா. குரலைத் தாழ்த்தத்தான் செய்தாள், ஆனால் சாமான் இல்லாத வீட்டில் எல்லாம் கேட்டது. "அவரோட முப்பது வருஷ உழைப்ப ஒரு ஈரத்துணியால தொடச்சு எறிஞ்சுட்டேன். வேற ஆம்பளையா இருந்தா வீட்ட ரெண்டாக்கியிருப்பார். இவர் இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை திட்டல. இப்படி ஒரு மனுஷர் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்."

வத்ஸலா மாமி திரும்பி அவரை மரியாதையோடு பார்த்தாள்.

பீமராவ் தலையை நிமிர்த்தவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "கத்திரிக்கோல் எங்க வச்சே?" என்று கேட்டார். ஹம்ஸா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எடுத்துவரப் போனாள்.